கூட்டுப் பட்டாவில் ஒரு குடியரசு

ஹாரி ட்ரூமனுக்கு எஃகு வேண்டியிருந்தது. கொரியாவில் அமெரிக்கப் படைகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. பீரங்கியானாலும் அதற்குள் போகும் குண்டானாலும் எஃகில்லாமல் நடக்காது. 1952 ஏப்ரல் 9 பிறந்ததும் உருக்காலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்குவதாக இருந்தார்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக, 8-ஆம் தேதி இரவு பத்தரைக்கு, அதிபர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். நாட்டின் பெரிய எஃகு ஆலைகளை அரசே எடுத்துக்கொள்கிறது என்றார். வணிகத் துறை அமைச்சர் சார்லஸ் சாயருக்கு நிர்வாக ஆணை எண் 10340 போனது. மேலாளர்கள் அதே நாற்காலியில் இருப்பார்கள், தொழிலாளர்கள் அதே உலை முன் நிற்பார்கள். ஆலை மட்டும் அரசின் பொறுப்பில் ஓடும்.

அந்த ஆணையின் அடியில் அதிபரின் கையெழுத்து இருந்தது, பின்னால் சட்டம் ஏதும் இல்லை. காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றம் அப்படியோர் அனுமதியை அவருக்குத் தந்திருக்கவில்லை. மறந்துபோய்த் தராமல் விட்டதும் இல்லை. 1947-இல் டாஃப்ட்-ஹார்ட்லி தொழிலாளர் சட்டம் விவாதத்தில் இருந்தபோது, நெருக்கடி வந்தால் ஆலைகளை அரசு கைப்பற்றலாம் என்றொரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. காங்கிரஸ் அதை நிராகரித்தது. நீதிமன்றத் தடையாணை வாங்கி வேலைநிறுத்தத்தை 80 நாள் தள்ளிப்போடலாம் என்ற வழியைத்தான் சட்டத்தில் வைத்தது. ட்ரூமன் அந்தச் சட்டத்தையே வீட்டோ செய்தவர். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து, அவரை மீறி அதை நிறைவேற்றின.

ஐந்து ஆண்டு கழித்து அதே சட்டத்தைக் கையில் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பிடிவாதம் மட்டும் காரணம் இல்லை. ஃபிலிப் மரே தலைமையிலான தொழிற்சங்கம் அரசு கேட்டுக்கொண்டதற்காக ஏற்கெனவே மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தத்தைத் தள்ளிப்போட்டிருந்தது. ஊதிய வாரியம் சலுகைகள் உட்பட மணிக்கு 26 சென்ட் உயர்வைப் பரிந்துரைத்தது. சங்கம் சம்மதித்தது. ஆலை முதலாளிகளோ டன்னுக்கு 12 டாலர் விலையேற்றம் கொடுத்தால்தான் ஆச்சு என்றார்கள். போர்க்கால விலைக் கட்டுப்பாட்டில் அவ்வளவு தர அரசு தயாராக இல்லை. பொறுத்திருந்த தொழிலாளியை இன்னொரு 80 நாள் பொறு என்று நீதிமன்றத்தை விட்டு மிரட்டுவது நியாயமா என்பது ட்ரூமனின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஆலையைக் கைப்பற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு அது பதில் ஆகாது.

அமெரிக்க ஆட்சிமுறையைப் பள்ளிப் பாடங்கள் வேலி போட்டு மூன்றாகப் பிரித்துக் காட்டும். சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நடத்துவது அதிபர், தீர்ப்பது நீதிமன்றம். 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதிய அரசமைப்பைப் படித்தால், தனித்தனிப் பட்டாவைவிடக் கூட்டுப் பட்டாவின் சாயல்தான் அதில் அதிகம். ஒருவர் கையெழுத்து இல்லாமல் இன்னொருவர் விற்க முடியாது. மசோதாவைக் காங்கிரஸ் நிறைவேற்றினாலும் அதிபர் கையெழுத்து வேண்டும், அல்லது அவருடைய வீட்டோவை மீறும் பெரும்பான்மை வேண்டும். அதிபர் ஒப்பந்தம் பேசலாம். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காவிட்டால் அது வெறும் பேச்சு. முதல் உலகப் போருக்குப் பின் பாரிசில் மாதக்கணக்கில் தங்கி உட்ரோ வில்சன் பேசி முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தை 1919-இல் செனட் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதியை அதிபர் பெயர் சொல்லி அனுப்பலாம். ரேகன் 1987-இல் அனுப்பிய ராபர்ட் போர்க்கை 58-க்கு 42 என்ற கணக்கில் செனட் வேண்டாம் என்றது. படைகளுக்கு அதிபர் தலைமைத் தளபதி, போரை அறிவிப்பதும் படைக்குப் பணம் ஒதுக்குவதும் காங்கிரஸ். இந்தக் கடைசிப் பங்கீடு நெடுங்காலமாக ஆட்டம் கண்டுவிட்டது. காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942-இல். கொரியப் போரே அறிவிக்கப்படாத போர்தான்.

நமக்கு இந்த ஏற்பாடு சற்று விசித்திரமாகத் தெரியும். இந்தியாவில் பிரதமர் மக்களவைப் பெரும்பான்மையின் தலைவர். அவை அவரோடு நிற்கும், நிற்காவிட்டால் அவர் போவார். அமெரிக்காவில் அமைச்சர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கவே கூடாது. மார்கோ ரூபியோ 2025-இல் வெளியுறவு அமைச்சராவதற்குத் தன் செனட் பதவியை விட்டுத்தான் வந்தார். ஆட்களைப் பிரித்துவைத்துவிட்டு அதிகாரத்தைக் கலந்துவைத்திருக்கிறார்கள். கலப்பு வேண்டுமென்றே செய்ததுதான் என்பதை அரசமைப்பை வடித்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசனே தன் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு கிளைக்கும் மற்றதன் வேலையில் கொஞ்சம் கை இருந்தால்தான் அது மற்றதைத் தடுக்க முடியும் என்பது அவர் கணக்கு.

ட்ரூமன் பேசி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் எஃகு நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் வாஷிங்டனில் ஒரு நீதிபதியின் வீட்டு வாசலில் நின்றார்கள். மறுநாள் உடனடித் தடை கிடைக்கவில்லை. ஏப்ரல் 24-இல் வழக்கு நீதிபதி டேவிட் பைன் முன் வந்தபோதுதான் அரசுத் தரப்பு தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. அரசு வழக்கறிஞர் ஹோம்ஸ் பால்ட்ரிட்ஜ், அதிபரின் நிர்வாக அதிகாரத்துக்கு இரண்டே கட்டுப்பாடுகள்தான் என்று வாதிட்டார்: ஒன்று தேர்தல், இன்னொன்று பதவிநீக்கம். அப்படியானால் அரசமைப்பு காங்கிரசுக்கும் நீதிமன்றத்துக்கும் எல்லை போட்டது, அதிபருக்குப் போடவில்லை என்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். ஆமாம், எங்கள் புரிதல் அதுதான் என்றார் பால்ட்ரிட்ஜ். பத்திரிகைகள் கொதித்தன. ஒரு வாரம் முன்னால்தான், எஃகு ஆலையை எடுக்க முடியுமென்றால் செய்தித்தாள்களையும் வானொலி நிலையங்களையும் எடுக்க முடியுமா என்று நிருபர்கள் கேட்டதற்கு, நாட்டுக்கு எது நல்லதோ அதை அதிபர் செய்யவேண்டியிருக்கும் என்ற பாணியில் ட்ரூமன் பதில் சொல்லியிருந்தார். எரியும் அடுப்பில் இதுவும் விழுந்தது. என் அதிகாரம் அரசமைப்பிலிருந்து வருவது, அதற்கு எல்லை உண்டு என்று அதிபரே எழுதித் தர வேண்டியதாயிற்று. ஏப்ரல் 29-இல் பைன் ஆணையைச் செல்லாததாக்கினார்.

மே 12, 13 தேதிகளில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கேட்டது. நிறுவனங்களுக்காக நின்றவர் ஜான் டபிள்யூ. டேவிஸ். 1924-இல் ட்ரூமனின் அதே ஜனநாயகக் கட்சிக்காக அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர், அப்போது வயது 79. மேடையில் இருந்த ஒன்பது நீதிபதிகளையும் பார்த்தால் அரசு ஜெயிக்கும் என்றுதான் யாரும் பந்தயம் கட்டியிருப்பார்கள். ஐந்து பேர் ரூஸ்வெல்ட் நியமித்தவர்கள், நான்கு பேர் ட்ரூமனே நியமித்தவர்கள். டாம் கிளார்க் மூன்றாண்டு முன்புவரை ட்ரூமனின் அட்டர்னி ஜெனரல். ராபர்ட் ஜாக்சன் ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். 1941 ஜூனில், அமெரிக்கா இன்னும் போரில் இறங்காதபோதே, வேலைநிறுத்தத்தில் முடங்கிய ஒரு கலிஃபோர்னிய விமான ஆலையை ராணுவம் எடுத்துக்கொண்டது சரியே என்று வாதிட்டவர்.

முன்னுதாரணத்துக்கும் குறைவில்லை. 1944-இல் மான்ட்கமரி வார்ட் நிறுவனத்தின் தலைவர் சூவெல் ஏவரி, அரசு ஆணைக்குப் பணிந்து அலுவலகத்தைவிட்டு வெளியேற மறுத்தார். இரண்டு சிப்பாய்கள் அவரை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். கைகட்டியபடி அவர் தூக்கிச் செல்லப்படும் படம் நாடு முழுக்கப் பிரபலம். அப்போது செல்லுபடியானது இப்போது ஏன் ஆகாது?

ஜூன் 2-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஆறுக்கு மூன்று. ஆணை செல்லாது. ட்ரூமன் நியமித்த நால்வரில் கிளார்க்கும் ஹரல்ட் பர்ட்டனும் அவருக்கு எதிராகப் போனார்கள். சுவாரசியம் என்னவென்றால், ஜெயித்த ஆறு பேரும் ஆளுக்கொரு கருத்து எழுதினார்கள். பெரும்பான்மைக்காக எழுதிய ஹியூகோ பிளாக் சுருக்கமாக முடித்துவிட்டார்: இது சட்டம் இயற்றும் வேலை, அது காங்கிரசுடையது, போர்முனை இருக்கிறது என்பதற்காகத் தளபதியின் அதிகாரம் உள்நாட்டு ஆலை வரை நீளாது. பிளாக்கின் கருத்து வேலி போட்ட நிலத்தின் கருத்து. இன்று அதை யாரும் அதிகம் எடுத்துப் படிப்பதில்லை. அதிபரின் அதிகாரம் பற்றிய எந்த வழக்கிலும் வழக்கறிஞர்கள் தேடி ஓடுவது ஜாக்சனின் கருத்தைத்தான்.

ஜாக்சன் முதலில் தன் பழைய வாதத்தைக் கழித்துக்கட்டினார். கட்சிக்காரருக்காக வழக்கறிஞர் பேசியதை நீதிபதி சான்றாக ஏற்க முடியாது, பேசியவர் தானேயானாலும். பிறகு விஷயத்துக்கு வந்தார். அதிபரின் அதிகாரத்துக்கு நிலையான அளவு கிடையாது. காங்கிரஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். காங்கிரஸ் சரி என்று சொல்லியிருந்தால் அதிபர் உச்ச பலத்தில் நிற்கிறார். தன் அதிகாரத்தோடு காங்கிரசுடையதும் அவர் கையில் சேர்ந்துவிடுகிறது. காங்கிரஸ் வாய் திறக்காமல் இருந்தால், இருவருக்கும் பங்குள்ள, எல்லை மங்கிய ஒரு பகுதியில் இருக்கிறார். அங்கே சட்டத்தைவிட நிலைமைதான் முடிவு செய்யும். காங்கிரஸ் கூடாது என்று சொன்னபின் செய்தால் அவர் பலம் அடிமட்டத்துக்குப் போகிறது. ட்ரூமன் நின்றது இந்த மூன்றாம் இடத்தில், 1947-இல் கதவை மூடியிருந்தார்கள் என்பதால்.

எதிர்த்து எழுதிய தலைமை நீதிபதி ஃபிரெட் வின்சனின் வாதத்தையும் லேசாகத் தள்ள முடியாது. போர்க்கால உற்பத்தித் திட்டங்களைச் சட்டமாக்கியது காங்கிரஸ்தான். அவற்றைக் காப்பாற்றத்தானே அதிபர் இதைச் செய்தார், அதுவும் காங்கிரஸ் என்ன சொல்கிறதோ அதன்படி நடக்கிறேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டார் என்பது அவர் பக்கம். அது உண்மை. ஆலைகளைக் கைப்பற்றிய மறுநாளே ட்ரூமன் காங்கிரசுக்குக் கடிதம் அனுப்பினார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சட்டம் போடுங்கள், வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். பதில் வரவில்லை. ஏப்ரல் 21-இல் மறுபடி எழுதினார். அப்போதும் இல்லை. பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன் என்று தனித்தனியாகக் குரல் எழுப்பிய உறுப்பினர்கள் இருந்தார்கள். அவையாகச் சேர்ந்து ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எஃகு வழக்கை அதிபரை நீதிமன்றம் அடக்கிய கதையாகச் சொல்வதே வழக்கம். என் வாசிப்பில் அந்தக் கதையின் முக்கியப் பாத்திரம், கடைசி வரை மேடைக்கே வராத காங்கிரஸ். ஜாக்சனுக்கும் அது தெரிந்திருந்தது. நெருக்கடிக்குச் சட்டம் செய்யும் அதிகாரம் காங்கிரசுடையதுதான், ஆனால் அது காங்கிரசின் விரலிடுக்கில் நழுவிப்போகாமல் பிடித்துவைக்க வேண்டியதும் காங்கிரஸ்தான், நாங்கள் அல்ல என்று எழுதினார்.

தீர்ப்பு வந்த அன்றே ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். நீதிமன்றத்திடம் படையும் இல்லை, பணப்பையும் இல்லை. அதிபர் மாட்டேன் என்றிருந்தால் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. 1861-இல் ஆட்கொணர்வு மனு விஷயத்தில் தலைமை நீதிபதி ரோஜர் டேனி போட்ட உத்தரவை லிங்கன் கண்டுகொள்ளவேயில்லை. ட்ரூமன் மனம் கசந்தாலும் பணிந்தார். சில காலம் கழித்து பிளாக் தன் வீட்டுக்கு அவரை விருந்துக்கு அழைத்ததாகவும், உங்கள் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, உங்கள் விஸ்கி பிடித்திருக்கிறது என்கிற அர்த்தத்தில் அவர் ஏதோ சொன்னதாகவும் உடன் இருந்த நீதிபதி வில்லியம் டக்ளஸ் பின்னாளில் எழுதினார். வேலைநிறுத்தம் 53 நாள் நீடித்தது. ஜூலை 24-இல் மரேயையும் யு.எஸ். ஸ்டீல் தலைவரையும் வெள்ளை மாளிகையில் உட்காரவைத்துத்தான் அது முடிந்தது. டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தைப் பயன்படுத்துங்கள் என்று காங்கிரஸ் கேட்டும், அந்த 53 நாளும் ட்ரூமன் அதைத் தொடவில்லை.

இருபது ஆண்டு கழித்து வியட்நாமும் வாட்டர்கேட்டும் வந்து காங்கிரசைக் கொஞ்சம் உலுக்கி எழுப்பின. நிக்சனின் வீட்டோவை மீறி 1973-இல் போர் அதிகாரத் தீர்மானம், 1974-இல் ஒதுக்கிய பணத்தை அதிபர் செலவிடாமல் முடக்கக் கூடாது என்ற சட்டம், 1976-இல் தேசிய அவசரநிலைச் சட்டம் என்று வரிசையாக நிறைவேற்றியது. இவற்றில் பலவற்றில் ஒரே உத்தி: அதிபருக்கு அதிகாரம் கொடு, கூடவே ஒரு கயிறு கட்டி முனையை நம் கையில் வைத்துக்கொள். அதிபர் செய்தது பிடிக்காவிட்டால், அவர் கையெழுத்துக்குப் போகாத வெறும் தீர்மானத்தால் காங்கிரஸ் அதை ரத்து செய்யலாம். சில சட்டங்களில் ஓர் அவையின் தீர்மானமே போதும். 1930-களிலேயே தொடங்கிய இந்தப் பழக்கம், 1980-களுக்குள் ஏறத்தாழ 200 சட்டங்களுக்குள் புகுந்திருந்தது.

அந்தக் கயிறுகளையெல்லாம் அறுத்தது ஒரு மாணவரின் விசா வழக்கு. ஜகதீஷ் ராய் சத்தா கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர், கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 1966-இல் மாணவர் விசாவில் வந்து ஒஹாயோவில் படித்தார். 1972-இல் விசா முடிந்தது. சுதந்திரக் கென்யாவில் திரும்பி வாழ வழியில்லை, பிரிட்டனிலும் கதவு எளிதில் திறக்கவில்லை. நாடு கடத்தினால் அவருக்குக் கடுமையான துன்பம் நேரும் என்று கண்ட குடியேற்ற நீதிபதி, 1974-இல் அவரைத் தங்க அனுமதித்தார். அந்தக் காலச் சட்டப்படி இந்த அனுமதிப் பட்டியல் காங்கிரசுக்குப் போக வேண்டும். ஓர் அவை மறுத்தாலும் போச்சு.

1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையின் குடியேற்றத் துணைக்குழுத் தலைவர் ஜோஷுவா ஐல்பர்க், 340 பேரின் வழக்குகளிலிருந்து ஆறு பெயர்களைப் பிடுங்கி, இவர்களுக்குத் தகுதியில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தார். அச்சிட்ட பிரதிகூட உறுப்பினர்களுக்குத் தரப்படவில்லை. விவாதம் இல்லை, பெயர் பதிந்த வாக்கெடுப்பு இல்லை. டிசம்பர் 16-இல் தீர்மானம் நிறைவேறியது. ஆறு பேரில் ஒருவர் சத்தா. ஏன் இந்த ஆறு, ஏன் மற்ற 334 இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் விடவில்லை. வழக்கு மேலே போகப் போக வினோதமாக மாறியது. சத்தாவை வெளியேற்ற வேண்டிய குடியேற்றத் துறையே, அவர் சொல்வதுதான் சரி, இந்தச் சட்டப்பிரிவு அரசமைப்புக்கு முரண் என்றது. காங்கிரஸ் கையில் இருக்கும் கயிறு எந்த அதிபருக்குத்தான் பிடிக்கும்? கடைசியில் தங்கள் உரிமையைக் காக்க இரு அவைகளும் சொந்த வழக்கறிஞர்களை வைத்து உள்ளே வரவேண்டியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சத்தாவுக்குச் சாதகமாக எழுதியவர் ஆந்தனி கென்னடி, பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்.

1983 ஜூன் 23-இல் தலைமை நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பை எழுதினார். ஒருவரின் சட்ட உரிமையை மாற்றுவது சட்டம் இயற்றும் செயல். சட்டம் இயற்ற ஒரே வழிதான் உண்டு, இரு அவைகளும் நிறைவேற்றி அதிபரிடம் அனுப்ப வேண்டும். குறுக்குவழி கிடையாது. மாற்றுக் கருத்து எழுதிய பைரன் ஒயிட் எச்சரித்தார்: இன்றைய அரசாங்கம் இவ்வளவு பெரிதானபின் காங்கிரஸ் அதிகாரத்தைக் கைமாற்றாமல் இருக்க முடியாது, கைமாற்றியதைக் கண்காணிக்க இருந்த கருவியை ஒரே வீச்சில் பறிக்கிறீர்கள்.

சத்தாவுக்கு நேர்ந்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெயர் தெரியாத ஒருவரின் தலைவிதியைப் படித்துப் பார்க்காத தீர்மானத்தால் எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலையே அல்ல. ஆனால் பொதுவாகப் பார்க்கும்போது ஒயிட் சொன்னதே பலித்தது என்று நினைக்கிறேன். நீதிமன்றம் கயிற்றை அறுத்தது, கயிற்றை நம்பிக் கொடுத்த அதிகாரம் அதிபரிடமே தங்கிவிட்டது. அவசரநிலைச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1976-இல் எழுதியபடி, அதிபர் அறிவித்த அவசரநிலையை இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில், அதிபரைக் கேட்காமலே முடித்துவைக்கலாம். சத்தா தீர்ப்புக்குப் பின் 1985-இல் அது திருத்தப்பட்டது. முடித்துவைக்கும் தீர்மானமும் இனி அதிபரின் மேசைக்குப் போயாக வேண்டும். தான் அறிவித்ததை முடிக்கும் தீர்மானத்தில் எந்த அதிபர் கையெழுத்திடுவார்?

விளைவு 2019-இல் வெட்டவெளிச்சமானது. மெக்சிகோ எல்லைச் சுவருக்குக் கேட்ட பணத்தைக் காங்கிரஸ் தரவில்லை. பிப்ரவரி 15-இல் டோனல்ட் ட்ரம்ப் அவசரநிலை அறிவித்து, ராணுவக் கட்டுமானத்துக்கு ஒதுக்கிய பணத்தைத் திருப்பிவிட்டார். பிரதிநிதிகள் சபை 245-க்கு 182 என்று எதிர்த்தது. செனட்டிலும் அவருடைய சொந்தக் கட்சியினர் 12 பேர் சேர்ந்து 59-க்கு 41 என்று எதிர்த்தார்கள். பழைய சட்டமாக இருந்தால் அன்றோடு கதை முடிந்தது. புதிய விதிப்படி தீர்மானம் ட்ரம்பிடம் போனது. அவர் தன் முதல் வீட்டோவைப் போட்டார். மார்ச் 26-இல் அதை மீறப் பார்த்தபோது பிரதிநிதிகள் சபையில் கிடைத்தது 248-க்கு 181. மூன்றில் இரண்டு பங்குக்கு எட்டவில்லை. இரு அவைகளிலும் பெரும்பான்மை எதிர்த்த ஒரு செயல், சட்டப்படி தொடர்ந்தது. பணத்தின் சாவி காங்கிரசிடம் என்று பாடத்தில் படித்தவர்கள் இந்த வாக்குக் கணக்கை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

ஆனால் பழியை முழுவதும் 1983 தீர்ப்பின் மேல் போட முடியாது. அதே 1976 சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது, அதை எந்த நீதிமன்றமும் தொடவில்லை. ஓர் அவசரநிலை நடப்பில் இருக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காங்கிரசின் இரு அவைகளும் கூடி, அதை முடிப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்துவது பற்றி ஆலோசிக்க வேண்டும். இதற்கு அதிபரின் அனுமதி தேவையில்லை, மூன்றில் இரண்டு பங்கும் தேவையில்லை, கூடிப் பேசினால் போதும். அந்த விதியைக் காங்கிரஸ் பெரும்பாலும் ஏட்டிலேயே விட்டுவிட்டது. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்துப் பத்து நாள் ஆனபோது, 1979 நவம்பர் 14-இல் ஜிம்மி கார்ட்டர் ஈரான் தொடர்பாக ஓர் அவசரநிலையை அறிவித்தார். பணயக்கைதிகள் 1981 ஜனவரியில் விடுதலையாகிவிட்டார்கள். கார்ட்டர் 2024 டிசம்பரில், நூறு வயதில் காலமானார். அவர் அறிவித்த அவசரநிலையை, வெள்ளை மாளிகையில் யார் இருந்தாலும், நவம்பர் வரும்போதெல்லாம் இன்னும் ஓராண்டுக்கு என்று நீட்டித்து வந்திருக்கிறார்கள்.